ஹீப்ரு அன்ரியின் காலிக் கட்டங்கள்

ஹீப்ரு அன்ரி என்று சொன்னால் ஆக்லாந்தில் இன்னும் சிலர் சிரிக்கிறார்கள். போன மாதம் ஒரு பிறந்தநாள் விருந்தில், கேக் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் அந்தக் கதையைச் சொன்னார். "மண்டைக்குள்ள இருக்கிறது என்ன கிளிப்புன்னு எல்லாருக்கும் தெரியும். அந்தம்மாவுக்கு மட்டும் தெரியாது. பாவம், ஒரு நோயாளிய ஏழு வாரம் காக்க வச்சிருச்சு." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த நோயாளி என் அக்கா. நானும் அங்கேதான் ஓரமாக நின்றேன். எனக்குக் கூட்டத்தில் பேச வராது. கேக்கைத் தின்றுவிட்டு வீட்டுக்கு வந்தேன். ஆத்திரம் அடங்கவில்லை. அதனால் எழுதுகிறேன். பத்தாம் வகுப்பு வரை படித்தவன் எழுத்து, அதற்கேற்றபடிதான் இருக்கும்.

அவர் பெயரை எழுத மாட்டேன். எழுதினால், "என்னட்டைக் கேட்டனீரோ?" என்றுதான் முதலில் கேட்பார். கேட்பதற்கு அவர் இப்போது இந்த ஊரில் இல்லை.

வவுனியாப் பக்கத்துக்காரர். இஸ்ரேலில் ஹைஃபா நகரத்தில் பதினைந்து வருடம் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தவர். அந்த வேலைக்குப் போகிறவர்கள் ஹீப்ரு பேசச் சீக்கிரம் பழகிவிடுவார்கள். என் அக்காவும் பேசுவாள்; வாசிக்கத் தெரியாது. அன்ரி வாசிக்கவும் கற்றுக்கொண்டார். அவர் பார்த்துக்கொண்ட பெண்மணிக்கு வாரம் ஒரு தடவை ஆஸ்பத்திரி, ஒவ்வொரு தடவையும் ஒரு கட்டுக் காகிதம். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் மருந்தைக் கையில் எடுக்க மாட்டேன் என்று பிடிவாதமாக எழுத்துக்கூட்டிப் படித்தாராம். பிறகு மகளோடு இங்கே வந்து ஏவன்டேல் பகுதியில் வாடகை வீட்டில் இருந்தார். விடியற்காலையில் பேக்கரியில் ரொட்டி பாக்கெட் போடுவார். மத்தியானம் தூங்கி எழுந்தபின், இஸ்ரேலில் வேலை பார்த்துவிட்டு இங்கே ரெஸ்ட்ஹோம் என்கிற முதியோர் இல்லங்களில் வேலைக்கு வந்திருக்கும் பெண்கள் தங்கள் பழைய ஆஸ்பத்திரிக் காகிதங்களோடு அவர் வீட்டுக்கு வருவார்கள். மலையாளிகள், சிங்களவர்கள், பிலிப்பைன்ஸ்காரர்கள், நம்மவர்கள். இவர் அதை இங்கிலீஷில் எழுதிக் கொடுப்பார்.

எழுதிக் கொடுப்பதற்கு முன்னால் சோப்புப் போட்டுக் கை கழுவுவார். காகிதத்தை ஜன்னல் கண்ணாடியில் வைத்து வெளிச்சத்தில் பார்ப்பார். லென்ஸ் வைத்துப் பார்ப்பார். மூலையில் இருக்கும் சீல், கீழே இருக்கும் பக்க எண் எதையும் விட மாட்டார். "மூண்டில ரெண்டாம் பக்கம் எண்டு போட்டிருக்கு. மூண்டாம் பக்கம் எங்க?" என்று கேட்டு, அதற்காகவே ஒரு பெண்ணை ஊரின் மறுகோடியில் இருக்கும் தகனினி வரை திருப்பி அனுப்பியிருக்கிறார்.

வாசிக்க முடியாத இடத்தில் ஸ்கேல் வைத்து ஒரு கட்டம் போடுவார். கட்டத்துக்குள் ஒன்றும் இருக்காது, ஒரு எண் மட்டும். பக்கத்தின் அடியில் அந்த எண்ணுக்கு நேராக எழுதுவார்: இங்கே டாக்டரின் கையெழுத்து, மூன்று எழுத்து தெரிகிறது, மீதி தெரியவில்லை, இன்ன ஆஸ்பத்திரியில் கேட்டால் சொல்வார்கள். ஹீப்ருவில் விளங்கி, இங்கிலீஷில் சரியான வைத்தியச் சொல் தெரியாவிட்டால் அதற்கும் கட்டம்தான். ஒரு தடவை குதிகாலுக்கு மேலே இருக்கும் தடித்த நரம்பு மாதிரியான நாரைப் பற்றி வந்தது. "குதிக்காலையும் ஆடுதசையையும் இணைக்கிற தடிச்ச நார்" என்று நீளமாக விளக்கம் எழுதிக் கொடுத்தார். இங்கே டாக்டர் படித்துச் சிரித்துவிட்டு அதன் பெயரைச் சொன்னாராம். அன்ரிக்கு அதில் வெட்கமே இல்லை. "சிரிச்சால் சிரிக்கட்டும். எந்த நார் எண்டு விளங்கிச்சுதோ இல்லையோ?"

ஒரு பையன், கல்யாணம் ஆனவன்தான், தடுப்பூசி அட்டையில் அழிந்துபோன தேதியைப் போட்டுத் தரச் சொல்லி அவர் சமையலறையில் அரை மணி நேரம் கெஞ்சினான். "அன்ரி, ஏதாவது ஒரு தேதி. யாரு பாக்கப்போறா?"

"அப்ப நீரே போடும். என்ர பேனையால போடாதையும்."

இதெல்லாம் காகிதத்தில் மட்டும் இல்லை. ஏவன்டேல் ஸ்டேஷனில் யாராவது அவரிடம், "எட்டு மணி ரெயின் வருமா?" என்று கேட்டால், "பலகையில வரும் எண்டு போட்டிருக்கு. வருமோ தெரியாது" என்பார். ஆக்லாந்து ரெயிலைப் பற்றி இவ்வளவு சரியாக யாரும் சொன்னதில்லை.

இப்படி ஒருவர் இருந்தால் ஊர் அவருக்கு ஒரு கதை கட்டிவிடும். இஸ்ரேலில் ஒரு தடவை எதையோ தப்பாக ஊகித்து மருந்து கொடுத்து, அந்தப் பெண்மணி செத்துப்போனாராம், அதிலிருந்துதான் இந்தப் பயமாம். ஒருநாள் தயங்கித் தயங்கி நானே கேட்டுவிட்டேன்.

அன்ரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்பிடி ஒண்டும் நடக்கேல்லை. அவ தொண்ணூற்றி மூண்டு வயசில நித்திரையில போனவ. ஏன், ஒருத்தர் செத்தால்தான் மற்றவைக்குப் புத்தி வரவேணுமோ?"

இனி என் அக்காவின் கதைக்கு வருகிறேன்.

அக்கா ஹைஃபாவில் பதினோரு வருடம் இருந்தாள். அங்கே அவளுக்கு மூளையில் ஒரு ரத்தக்குழாய் பலூன் மாதிரி வீங்கி, மண்டையைத் திறந்து, வீங்கிய இடத்தைக் கவ்விப் பிடிக்க ஒரு சின்ன உலோகக் கிளிப் போட்டார்கள். பிழைத்துக்கொண்டாள். விடுமுறையில் நாகர்கோவில் வந்தபோது அந்த ஆஸ்பத்திரிக் காகிதங்களை என்னிடம் கொடுத்து, "பத்திரமா வைலே" என்றாள். நான் அப்போது ஊரில் இருந்தேன். பத்திரம் என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். என் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை எப்படி வைத்திருந்தேனோ அப்படி. கோர்ட் ரோட்டில் ஜெராக்ஸ் கடையில் கொடுத்து எல்லாவற்றையும் லாமினேட் செய்தேன்.

பெரிய காகிதங்கள் நன்றாக வந்தன. அவற்றோடு பஸ் டிக்கெட் போல ஒரு வழவழப்பான சீட்டு இருந்தது. கிளிப்பின் கம்பெனி, எண், உலோகம் எல்லாம் அச்சடித்த சீட்டு. சூடு பட்டால் கறுத்துவிடுகிற காகிதம் அது. எனக்கு எப்படித் தெரியும்? மெஷினின் இந்தப் பக்கம் வெள்ளையாகப் போய் அந்தப் பக்கம் கறுப்பாக வந்தது. கடைக்காரன், "அது அப்படித்தாண்ணே, வெளிச்சத்துல புடிச்சா தெரியும்" என்றான். வெளிச்சத்தில் பிடித்தேன். தெரியவில்லை. அக்காவிடம் நான் சொல்லவில்லை. கட்டின் அடியில் வைத்துக் கொடுத்துவிட்டேன்.

பல வருடங்கள் கழித்து, நான் என் மனைவியின் நர்ஸ் வேலையால் இங்கே வந்து த்ரீ கிங்ஸ் பகுதியில் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் அலமாரிகளில் சாமான் அடுக்கிக்கொண்டிருந்தபோது, அக்காவும் ரெஸ்ட்ஹோம் வேலை விசாவில் வந்து எங்களோடு தங்கினாள். வந்த இரண்டாவது வருடம், வேலை செய்யும் இடத்தில் வலிப்பு வந்து விழுந்தாள். எம்.ஆர்.ஐ. என்கிற காந்த ஸ்கேன் எடுத்துப் பார்த்து டாக்டர் கடிதம் கொடுத்தால்தான் மறுபடி ஆட்களைத் தூக்கி உட்கார வைக்கிற வேலை. வேலை இல்லாவிட்டால் விசா இல்லை. ஸ்கேன் எடுக்க, மண்டைக்குள் இருக்கும் கிளிப் என்ன உலோகம் என்று தெரிய வேண்டும். சில பழைய கிளிப்புகளை அந்தக் காந்தம் இழுத்துவிடுமாம். இழுத்தால் ரத்தக்குழாய் கிழியும். பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

அப்படித்தான் ஹீப்ரு அன்ரியின் வீட்டுக்கு முதல் தடவை போனேன். கறுத்த சீட்டை ஜன்னலில் வைத்துப் பார்த்தார். லென்ஸ் வைத்துப் பார்த்தார். டார்ச் அடித்துப் பார்த்தார்.

"ஆர் இதைச் சுட்டது?"

"நான்தான் அன்ரி. லாமினேட் பண்ணினேன்."

"ஏன்?"

"பத்திரமா இருக்கட்டும்னு."

"பத்திரமாத்தான் இருக்கு. ஒருத்தராலயும் வாசிக்கேலாது." பிறகு என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ, "சரி, இரும். தேத்தண்ணி குடியும். நரைச்ச தலையோட என்னை அன்ரி எண்டுறீர், அதுக்கு ரெண்டு சீனி கூடப் போடுறன்" என்றார்.

மூன்று நாளில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தார். நான்கு கட்டங்கள். மூன்று சின்னவை, சுருக்கி எழுதிய வைத்தியச் சொற்கள். நான்காவது பெரியது, அந்தச் சீட்டின் அளவுக்கே. அடியில் எழுதியிருந்தார்: இந்தச் சீட்டு சூட்டில் கறுத்துவிட்டது. கிளிப்பின் உலோகம் தெரியாது. காந்த ஸ்கேனுக்கு ஏற்றதா என்பது தெரியாது. ஹைஃபா ஆஸ்பத்திரியைக் கேட்காமல் ஸ்கேன் எடுக்க வேண்டாம்.

அதை ஆஸ்பத்திரி அலுவலகத்தில் வாங்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பக்கத்தைப் புரட்டி, முழுமை இல்லாத மொழிபெயர்ப்பு என்றார். அங்கீகாரம் பெற்ற கம்பெனியிடமிருந்து, சீல் போட்டு, இடைவெளி எதுவும் இல்லாமல் வர வேண்டும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அவர் வாசிக்கவே இல்லை. கட்டங்களை எண்ணினார், அவ்வளவுதான்.

அக்கா போனில் படம் எடுத்து ஒரு கம்பெனிக்கு அனுப்பினாள். கறுத்த சீட்டையும் சேர்த்து. இரண்டே நாளில் அழகான லெட்டர்ஹெட்டில், நீல சீலோடு வந்துவிட்டது. ஒரு கட்டம் இல்லை. கிளிப்: டைட்டானியம். காந்த ஸ்கேனுக்கு ஏற்றது.

"பாத்தியா? இதாம்லே வேலை. உனக்க அன்ரி காயிதம் முழுக்க ஓட்டை போட்டுக் குடுத்திருக்கா" என்றாள் அக்கா.

எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. நான் செய்த தப்பு யாருக்கும் தெரியாமலே தீர்ந்துவிட்டது என்று நினைத்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா.

ஆனால் அன்ரி, "மற்றவை என்ன எழுதினம் எண்டு கொண்டுவந்து காட்டும், எனக்கும் பாக்க ஆசை" என்று சொல்லியிருந்தார். கொண்டுபோனேன். தன் பிரதியைப் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் பார்த்தார். முதல் மூன்று கட்டங்களும் அவர்கள் நிரப்பியது சரி என்று ஒத்துக்கொண்டார். "ஓம், இது சரி. எனக்குத்தான் தெரியேல்லை" என்று தன் பிரதியில் திருத்தியும் எழுதினார். நான்காவதுக்கு வந்தார். நான் கொண்டுபோயிருந்த கறுத்த சீட்டை எடுத்தார். மறுபடியும் ஜன்னலுக்குப் போனார். திரும்பி வந்தபோது முகம் சிவந்திருந்தது.

"இது எங்கயிருந்து வந்தது?"

எனக்குத் தெரியாது என்றேன். போனை எடுத்து லெட்டர்ஹெட்டில் இருந்த எண்ணை அடித்து, ஸ்பீக்கரில் போட்டார். ஒரு இளைஞனின் குரல். மரியாதையாகத்தான் பேசினான். மூலம் தெளிவாக இல்லாதபோது சூழலை வைத்து நிரப்புவது வழக்கம் என்றான். இப்போதெல்லாம் பெரும்பாலும் டைட்டானியம்தான் போடுகிறார்கள். வாடிக்கையாளர் இடைவெளி வேண்டாம் என்று கேட்டிருந்தார்.

"கறுத்த கடதாசிக்கு என்ன சூழல் தம்பி?" என்று இங்கிலீஷில் கேட்டார் அன்ரி. அவன் மேலாளரிடம் சொல்வதாகச் சொல்லி வைத்துவிட்டான்.

அன்ரி கறுத்த சீட்டை அந்த லெட்டர்ஹெட்டின் மேல் வைத்தார். "பெரும்பாலும் எண்டால் அதைப் பெரும்பாலும் எண்டு எழுதவேணும். வாசிச்சன் எண்டு சீல் குத்தக்கூடாது. போய் அக்காவிட்டச் சொல்லும்."

சொன்னேன். அக்கா கேட்கவில்லை. "சீல் அடிச்சு வந்திருக்குலே. தேதி கெடச்சிருக்கு. இத விட்டா எனக்க வேல போவும், விசா போவும். நீ சும்மா கெட. உனக்கு ஏதாவது தெரியுமா?"

எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அந்தச் சீட்டு கறுப்பு என்பது. அதை அவளிடம்கூடச் சரியாகச் சொல்லத் துணிவில்லை. அவள் அதை ஹைஃபாவிலேயே பழசாகிக் கறுத்தது என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஸ்கேன் அன்று நான்தான் காரில் கூட்டிப்போனேன். அன்ரியின் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். எதற்கு என்று எனக்கே தெரியாது. உள்ளே நீல உடுப்புப் போட்ட ஒரு பெண் கேள்வித்தாளோடு வந்தாள். பேஸ்மேக்கர் உண்டா, காதுக்குள் கருவி உண்டா, உடம்பில் உலோகம் உண்டா? அக்கா வளையல்களைக் கழற்றினாள். கம்மல், மூக்குத்தி. எல்லாவற்றையும் என் உள்ளங்கையில் வைத்தாள். பிறகு நீல சீல் போட்ட காகிதத்தை அந்தப் பெண்ணிடம் நீட்டினாள். அவள் வாசித்து, டைட்டானியம், நல்லது என்று பேனாவால் ஒரு டிக் போட்டாள். கதவைத் திறந்தாள். உள்ளே அந்தக் கட்டில் தெரிந்தது.

கையில் மூக்குத்தி குத்திக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறந்தேன்.

"நோ" என்றேன். சத்தமாக வந்துவிட்டது. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். டைட்டானியம் என்ற அந்த வரியை யாரும் சீட்டில் வாசித்து எழுதவில்லை. அந்தச் சீட்டு கறுப்பு. கறுப்பாக்கியது நான். பிறகு அன்ரியின் காகிதத்தை எடுத்துக் கொடுத்தேன்.

அக்கா, "லேய்!" என்றாள். அவ்வளவுதான். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

அந்தப் பெண் நான்காவது கட்டத்தையும் அதன் அடியில் இருந்ததையும் இரண்டு தடவை வாசித்தாள். கதவைச் சாத்தினாள். இன்றைக்கு இல்லை என்றாள். பிறகு என்னைப் பார்த்து, இதை ஏன் முதலிலேயே தரவில்லை என்று கேட்டாள்.

தந்தோம். இடைவெளி இருந்தால் வாங்க மாட்டோம் என்றார்கள். இதைக் கோபமாகத்தான் சொன்னேன். அவளிடம் கோபப்பட்டு என்ன பயன்? அவள்தான் அங்கே அதை முதலில் வாசித்தவள்.

காரில் அக்கா வளையல்களையும் மூக்குத்தியையும் வாங்கித் திரும்பப் போட்டுக்கொண்டாள். வீட்டில் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "நீதானா அதக் கரிச்சது?" என்று மட்டும் கேட்டாள். ஆமா என்றேன். அன்ரி ஸ்கேன் நின்ற அன்றைக்கே ஹைஃபாவுக்கு ஹீப்ருவில் கடிதம் எழுதினார். பதில் இல்லை. மறுபடி எழுதினார். பேக்கரி வேலை முடிந்து தூங்கி எழுந்து, ராத்திரி எட்டு மணிக்கு, அங்கே காலையில் அலுவலகம் திறக்கிற நேரம் பார்த்து போன் செய்தார். ஒவ்வொரு தடவையும் வேறொரு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். அந்த ஏழு வாரமும் ரெஸ்ட்ஹோமில் அக்காவுக்குத் துணி மடிக்கிற வேலைதான், வாரத்தில் இரண்டு நாள். கடைசியில் பழைய பதிவேடுகளைப் பார்க்கும் ஒரு அம்மாள் கோப்பைத் தேடி எடுத்து எழுதி அனுப்பினார். ஆக்லாந்து ஆஸ்பத்திரி ஏற்றுக்கொண்டது.

டைட்டானியம்.

கம்பெனி எழுதியது சரியாகவே இருந்தது. ஸ்கேனும் எடுத்தார்கள், அக்காவுக்கு மாத்திரையோடு தீர்ந்தது, வேலையும் திரும்பக் கிடைத்தது. "ஏழு வாரம்லே! ஏழு வாரம்!" என்று அக்கா போனில் எல்லோரிடமும் சொன்னாள். அவள் கோபத்தில் சொன்னாள், கேட்டவர்கள் தமாஷாக்கிக்கொண்டார்கள். அந்தக் கம்பெனி, அக்கா கொடுத்திருந்த என் முகவரிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியது: எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்? காகிதம் கறுப்பு என்று இங்கிலீஷில் ஒரு வரி அடித்து அனுப்பினேன். போகவில்லை. நட்சத்திரத்தை நிரப்பாமல் அனுப்ப முடியாதாம்.

அன்ரியிடம் சேதி சொல்லப் போனேன். அவர் முதலில் கைகூப்பினார். "கடவுளே, நல்லது. பிள்ளை தப்பிச்சிட்டா." பிறகு, "அப்ப அந்தப் பெடியன் இனித் திருந்தமாட்டான்" என்றார். "எழுதினது பிழையாயிருந்தால் ஒருக்கா யோசிச்சிருப்பான்."

"தப்பாயிருந்தா அக்கா செத்திருப்பாங்களே அன்ரி."

"ஓம். அதுதானே எனக்கு ஆத்திரம்."

கை கழுவிக்கொண்டு வந்து தன் பிரதியை எடுத்தார். நான்காவது கட்டத்துக்குள் டைட்டானியம் என்று எழுதினார். அடியில் தேதி, அந்தப் பதிவேட்டு அம்மாளின் பெயர். அதற்கும் கீழே ஒரு வரி: இவர் சொன்னார், நான் சீட்டில் வாசிக்கவில்லை.

அடுத்த வருடம் மகளுக்கு மெல்பர்னில் வேலை கிடைத்து அவரும் போய்விட்டார். கறுத்த சீட்டை அக்கா என்னிடமே கொடுத்துவிட்டாள். "நீ பத்திரப்படுத்தினது, நீயே வச்சுக்கோ" என்றாள்.

போன ஞாயிறு ஏவன்டேல் மார்க்கெட்டில் கீரைக்கட்டுகளுக்கு நடுவே, அந்தப் பிறந்தநாள் விருந்துக்காரர் எதிரே வந்தார். "என்ன சார், உங்க ஹீப்ரு அன்ரி எப்படி இருக்காங்க?" என்று கண்ணைச் சிமிட்டினார். நான் கீரையைக் கீழே வைத்துவிட்டு, பர்ஸிலிருந்து சீட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"இதப் படிங்க" என்றேன்.

புரட்டிப் பார்த்தார். வெயிலில் தூக்கிப் பிடித்தார். பிளாஸ்டிக் பளபளத்தது, உள்ளே ஒரே கறுப்பு. அதைப் பார்த்துக்கொண்டே, கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னார்:

"டைட்டானியம்."